மிருதங்கம் கேட்க மூன்று ஹெட்போன்: வீட்டுக்கு, வகுப்புக்கு, பஸ்ஸுக்கு

திருச்சியில் மிருதங்கம் சொல்லித் தருகிறேன். காலையில் வகுப்பு, சாயங்காலம் வகுப்பு, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பழைய கச்சேரிப் பதிவுகள். என்னைப் பொறுத்தவரை கேட்பதும் ஒரு பயிற்சி, சாதகம்தான். அதனால் ஹெட்போன் விஷயத்தில் நான் கறாரான ஆள். என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் “சார், எது வாங்கலாம்?” என்று போனில் கேட்பதும், நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்குவதும் வழக்கமாகிவிட்டது. நான் பயன்படுத்தும் மூன்றைப் பற்றியும் இங்கே விவரமாக எழுதிவிடுகிறேன்.

முதலில், நான் எதை வைத்துச் சோதிக்கிறேன் என்று சொல்லவேண்டும். பலரும் ஒரு சினிமாப் பாட்டை வைத்திருப்பார்கள். ஸ்டூடியோவில் கலவை செய்த பாட்டில் பேஸ், அதாவது அடி ஒலி, எவ்வளவு இருக்கவேண்டும் என்பது கலவை செய்தவருக்குத்தான் தெரியும். கூடக் குறைய இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் தொப்பி எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் கைக்கடியில் கேட்கிற ஒலி அது.

தொப்பி மிருதங்கத்தின் இடது பக்கம். வாசிக்க உட்காரும்போது அதன் நடுவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவோம். அந்தக் கனம் ஏறினால்தான் ஒலி கீழே இறங்கும். தட்டிவிட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தோலில் அழுத்தித் தள்ளினால் ‘தொம்’ வளைந்து மேலே ஏறும். கும்கி என்று அதற்குப் பெயர். நல்ல கையில் அந்தக் கும்கி, பாடகர் சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தோடு சேர்ந்தே வளையும். ஒரு ஹெட்போன் அந்த வளைவின் ஆரம்பம், ஏற்றம், முடிவு மூன்றையும் பிரித்துக் காட்டுகிறதா என்று முதலில் பார்ப்பேன். பேஸைத் தூக்கி வைத்திருக்கும் ஹெட்போன்களில் வளைவு காணாமல் போய், ‘பூம்’ என்று ஒரே உறுமல்தான் மிஞ்சும். அடுத்தது ரவை. கச்சேரி நீள நீள ரவை காய்ந்து தொப்பியின் கனம் குறையும். வித்வான் தண்ணீர் தொட்டு வைத்ததும் திரும்ப இறங்கும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குச் சற்று முன்னால் இந்த மாற்றம் பல நேரடிப் பதிவுகளில் கேட்கிறது. அது காதில் விழுந்தால் பிறகு விலை கேட்கலாம்.

உங்களுக்கு மிருதங்கம்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் யாராவது வீணை வாசித்தால் வீணை, சர்ச்சில் பியானோ கேட்டு வளர்ந்தவர் என்றால் பியானோ. ஒன்றுமே இல்லையென்றால் அம்மாவைப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள். அந்தக் குரலைவிட நன்றாக உங்களுக்குத் தெரிந்த ஒலி வேறு இருக்காது. அவர் மூக்கடைத்தவர் மாதிரி கேட்டால், அந்த ஹெட்போனில் நடு ஸ்தாயி சரியில்லை. எத்தனை ஆயிரம் விலையானாலும் வேண்டாம்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். ராத்திரி நான் கேட்பது சென்ஹைசர் எச்டி 600. 1997இல் வந்த மாடல். மேல்பூச்சு மாறியிருக்கிறது, செய்யும் ஊர் மாறியிருக்கிறது, கம்பெனியின் ஹெட்போன் வியாபாரத்தையே 2022இல் சோனோவா என்ற ஸ்விட்சர்லாந்துக் காதுகேள் கருவி நிறுவனம் வாங்கிக்கொண்டது. மாடல் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஏன் என்று கேட்டுப் பார்த்தால் புரியும்.

இது பின்பக்கம் திறந்த வகை. காதை மூடும் கிண்ணத்துக்கு வெளியே உலோக வலை மட்டும்தான். ஒலி உள்ளே மோதித் திரும்பாமல் வெளியே போய்விடுவதால் குரல் நெருக்கடியில்லாமல் வரும். தம்புராவைக் கேட்டால் நான்கு தந்தியும் தனித்தனியாக, ஜீவா (தந்திக்கடியில் வைக்கும் நூல்) பிடித்த அந்த ரீங்காரம் மெல்ல விரிந்து அடங்குவதுவரை கேட்கும். பாடகர் மூச்சை எடுக்கும் இடம் தெரியும். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் மீட்டு, சாப்பு என்ற இரண்டு விரலடிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்கிற பையனுக்குக்கூட இதை மாட்டிவிட்டுக் காட்டலாம். தொப்பிக்கு வந்தால், கும்கியின் வளைவை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் ஹெட்போனை இந்த விலையில் நான் வேறு கேட்டதில்லை. கூட்டிச் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை.

குறைகள் உண்டு. ஆக அடியில் இருக்கும் அதிர்வு, அதாவது இப்போதைய சினிமாப் பாட்டுகளில் வயிற்றில் இடிக்கிற அந்தப் பகுதி, இதில் சரிந்துவிடும். மின்னணு இசை கேட்பவர்களுக்கு இது போதாது. ஒலி பரந்து விரிந்து நிற்காது, பாடகர் நெற்றிக்குக் கொஞ்சம் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். சபாவின் முதல் வரிசை மாதிரி என்று எடுத்துக்கொண்டால் எனக்கு அது பிடித்தே இருக்கிறது. புதிதில் தலையை நன்றாக இறுக்கும், பழகப் பழகத் தளரும். காதணை வெல்வெட் துணி என்பதால் நம் ஊர் வெக்கைக்குத் தோலைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் திறந்த வகை என்பதால் நீங்கள் கேட்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். வெளியே குக்கர் விசிலடித்தால் உங்களுக்கும் கேட்கும். ஒரே அறையில் நாலு பேர் இருக்கிற வீட்டில் இதை வாங்கிவிட்டுச் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்று, இதை அப்படியே போனில் செருகிக் கேட்க முடியாது என்பார்கள். அது பாதி உண்மை. எச்டி 600இன் மின்தடை 300 ஓம். ஹெட்போன் வயரைப் போனோடு இணைக்க மாட்டும் ஆப்பிளின் சின்ன டாங்கிள் அதிகபட்சம் 1 வோல்ட் வாக்கில் தரும். அந்த 1 வோல்ட் 32 ஓம் ஹெட்போனுக்குப் போனால் 31 மில்லிவாட். 300 ஓமுக்குப் போனால் 3 மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். உரக்கப் பதிவு செய்த இன்றைய பாட்டுகளுக்கு அதுவே போதும். 1960களின் வானொலிக் கச்சேரிக்குப் போதாது. அந்தப் பதிவுகளின் ஒலி மட்டமே தாழ்வாக இருக்கும். ஆலாபனையின் மந்திர ஸ்தாயியில் இறங்கும்போது ஒலியை முழுதும் ஏற்றிவைத்தாலும் எட்டாது. அதற்காகத்தான் மேசையில் ஃபியோ கே 7 என்ற ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறேன். கணினியிலிருந்து வரும் எண்களை ஒலியாக மாற்றுவதும் அதற்குப் பலம் கொடுப்பதும் ஒரே பெட்டியில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே போகத் தேவையில்லை. ஹெட்போனில் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் காதில் தெரியும். ஆம்ப்ளிஃபயர் போதுமான பலத்தை எட்டியபின் போடும் ரூபாய் எனக்குக் காதில் தெரிவதில்லை. வெள்ளி வயர், தங்க முலாம் என்று விற்பவர்களிடம் பேச்சே வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு மிருதங்கத்துக்குப் புதுத் தோல் போட்டு மூட்டடித்துவிடலாம்.

பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேசட் காலத்தில் வந்த சில கச்சேரிகளில் வயலினை முழுக்க இடது காதுக்கும் மிருதங்கத்தை முழுக்க வலது காதுக்கும் தள்ளியிருப்பார்கள். ஸ்பீக்கரில் அது உறுத்தாது. இரண்டு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கரும் கேட்கும். ஹெட்போனில் ஒரு காது மட்டும் தனியாக மிருதங்கம் கேட்கும்போது அரைமணியில் தலை கனத்துவிடும். கிராஸ்ஃபீட் என்ற வசதி உள்ள பிளேயர் செயலிகள் இருக்கின்றன. ஒரு பக்க ஒலியைக் கொஞ்சம் அடுத்த பக்கம் கலந்துவிடும். கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் அதைக் கட்டாயம் போட்டுப் பார்க்கவேண்டும். பழைய மோனோ பதிவுகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, எல்லோரும் நடுவில் இருப்பார்கள்.

அப்புறம் வகுப்பு. எனக்குச் சிங்கப்பூரிலும் மாணவர்கள் இருக்கிறார்கள், வாரம்தோறும் ஜூம் வழியாக வகுப்பு. ஒரு பையன் புதிதாக நல்ல புளூடூத் ஹெட்போன் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“சார், பாட்டு கேட்டா சூப்பரா இருக்கு. கிளாஸ்ல மட்டும் நீங்க வாசிக்கிறது பழைய டெலிபோன் மாதிரி கேக்குது.”

“மைக் எதுப்பா?”

“இதுலயே இருக்கு சார்.”

விஷயம் அதுதான். புளூடூத் ஹெட்போனின் மைக்கைக் கணினி எடுத்துக்கொண்ட உடனே, இணைப்பு பாட்டு கேட்கும் முறையிலிருந்து போன் பேசும் முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய்விடும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பொதுவாக எதுவும் வராது, பல நேரம் அந்த அளவுகூட இருக்காது. வலந்தலையின் ‘நம்’முக்கு மினுமினுப்புக் கொடுப்பதே அந்த மேல்பகுதிதான். மைக்கைக் கணினியின் மைக்குக்கு மாற்றச் சொன்னேன், உடனே சரியாகிவிட்டது. ஆனாலும் புளூடூத்தில் வரும் தாமதம் வகுப்புக்கு ஆகாது. நான் தாளம் போட்டுக் காட்டுவது அவனிடம் போய்ச் சேர இணையமே நேரம் எடுக்கிறது, அதற்கு மேல் இன்னொரு தாமதம் எதற்கு? வகுப்புக்கு வயர்தான். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது மிருதங்கத்தைத் தெருச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். தொப்பி முதலில் போகும்.

வகுப்பில் நான் மாட்டுவது சோனி எம்டிஆர் 7506. 1991 முதல் வருகிற மூடிய வகை. ரெக்கார்டிங் தியேட்டர் படங்களில் நீலப் பட்டை ஒட்டிய ஒரு கறுப்பு ஹெட்போனைப் பார்த்திருப்பீர்கள், அதுவேதான். 63 ஓம், எதில் செருகினாலும் பாடும். விலை எச்டி 600இல் பாதிகூட ஆகாது. மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கியே காட்டும். சுகமாகச் சாய்ந்து கேட்க அது உதவாது, வயலினின் தார ஸ்தாயி காதில் குத்தும். ஆனால் வாத்தியாருக்கு வேண்டியது அதுதான். மாணவன் விரல் சோற்றின் (வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சு) ஓரத்தில் விழுகிறதா நடுவில் விழுகிறதா, சாப்பில் சுண்டுவிரல் இடிக்கிறதா என்பது இதில் ஒளிய முடியாது. மூடிய வகை என்பதால் என் காதில் வருவது என் மைக்குக்குள் திரும்பப் போகாது. சுருள் வயர் கனமானது, கழற்றவும் முடியாது. உட்கார்ந்து வாசிக்கும்போது முழங்காலில் இழுபடும். பெரிய குறை அதுதான். காதணையின் செயற்கைத் தோல் கொஞ்ச காலத்தில் உரிந்து காதில் கறுப்புத் துகளாக ஒட்டும். எல்லோருக்கும் நடக்கும், மாற்றணை தனியாகக் கிடைக்கிறது.

மூன்றாவது பயணம். இதில்தான் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பஸ் இன்ஜினின் உறுமலும் தொப்பியின் நாதமும் ஏறக்குறைய ஒரே அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. வெளிச்சத்தம் உள்ளே வந்தால் முதலில் மூழ்குவது தொப்பிதான். வலந்தலையும் குரலும் மேலே தப்பித்துக்கொள்ளும். உடனே நாம் ஒலியை ஏற்றுகிறோம். ஏற்றினால் தொப்பி கேட்கிறது, கூடவே வயலின் காதைக் கிழிக்கிறது. அதனால் பயணத்துக்கு எந்தக் கருவியானாலும், வெளிச்சத்தத்தை எவ்வளவு நிறுத்துகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

நான் வைத்திருப்பது மூன்டிராப் சூ 2 என்ற காதுக்குள் செருகும் இயர்போன். சீனத் தயாரிப்பு. சின்ன உலோக உடல், வயர் காதுக்கு மேலே சுற்றி வரும், கழற்றி மாற்றலாம். விலை என் மாணவர்களுக்கு எட்டுகிற விலை. அந்த விலைக்கு இவ்வளவு சமன்பட்ட ஒலி கிடைப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. நான் படித்த காலத்தில் நல்ல ஒலி என்பது பணக்காரர் வீட்டு ஹாலில் இருக்கும் ஒன்று. இப்போது மணப்பாறையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளை குரலையும் தம்புராவையும் அதனதன் இடத்தில் கேட்டுக்கொண்டு வருகிறாள். எச்டி 600 அளவுக்கு நுணுக்கம் இருக்காது, தனி ஆவர்த்தனத்தில் கடமும் கஞ்சிராவும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆனால் கும்கி வளைகிறது. அது போதும்.

ஒரு நிபந்தனை, காதில் சரியாகப் பொருந்தவேண்டும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனை இருக்கும், எது இருக்கிறதோ அதையே மாட்டிக்கொண்டு “பேஸே இல்லை சார்” என்பார்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பின்பக்கமாகத் தூக்கிப் பிடியுங்கள். குழாய் நேராகும். அப்போது உள்ளே செலுத்தி, லேசாகத் திருப்பி, காதை விடுங்கள். வெளிச்சத்தம் சட்டென்று இறங்கினால் பொருந்திவிட்டது என்று அர்த்தம். பேசினால் உங்கள் குரல் உங்களுக்கே தலைக்குள் கேட்கும். இறங்கவில்லையென்றால் அடுத்த அளவு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு வேண்டும் என்பதும் இல்லை, எனக்கு இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரியது.

போனில் துளை இல்லாதவர்களுக்கு நான் மேலே சொன்ன ஆப்பிள் டாங்கிளே இதற்கு ஏராளம். சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் ஒலி பாதிக்குத்தான் ஏறும், வாங்குவதற்கு முன் உங்கள் போனில் மாட்டிப் பாருங்கள்.

வயர் வேண்டாம் என்பவர்களுக்காக என் மகனின் சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4ஐயும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கேட்டுப் பார்த்தேன். இரைச்சல் நீக்கும் வசதி அருமை. ஏசி பெட்டியின் இரைச்சல், தண்டவாளத்தின் கீழ் உறுமல் இரண்டும் அப்படியே அடங்கிவிட்டன. பக்கத்து சீட்டுப் பேச்சும் டீக்காரர் குரலும் அவ்வளவாக அடங்கவில்லை. இந்த வசதி தொடர்ந்து வரும் தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாகப் பிடிக்கும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே கேட்டால் தொப்பி வீங்கியிருக்கிறது. செயலியில் ஈக்வலைசருக்குப் போய்ப் பேஸைக் குறைத்தபின் கேட்கும்படி ஆனது. ஒரு சார்ஜுக்கு 30 மணி நேரம் என்கிறார்கள், அது குறையாமல் வருகிறது. புளூடூத்தில் கூடுதல் விவரம் அனுப்பும் எல்டாக் முறை, நொடிக்கு 990 கிலோபிட் என்ற பேச்செல்லாம் கேசட்டிலிருந்து ஏற்றிய கச்சேரிக்குப் பொருட்டே இல்லை, அந்தக் கேசட்டில் இருந்ததைவிட அதிகமாக எதையும் அது கொண்டுவரப்போவதில்லை. ஏசி ரயிலுக்கு இது நல்ல துணை. மே மாதத்து டவுன் பஸ்ஸில் காதைச் சுற்றி வியர்வை வழியும், அங்கே சூ 2தான்.

ஒலி அளவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏற்றினால் நேரம் பாதியாகும், 83க்கு 20 மணி நேரம்தான். சிறுவர்களுக்கு 75 டெசிபலில்தான் அந்த 40 மணி நேரம். வாசிக்கிற பிள்ளைகளின் காது ஏற்கெனவே தினம் சாதகத்தில் அடி வாங்குகிறது. அதற்கு மேல் பஸ்ஸில் ஒலியை முழுதும் ஏற்றி வைக்கிறார்கள் என்றால் நான் இயர்போனை வாங்கி மேசைக்குள் வைத்துவிடுவேன். சுருதி சேர்க்கக் காது வேண்டும். தெருவில் நடக்கும்போது மாட்டவே கூடாது.

கடையில் வாங்குவது பற்றி. சென்னைக்குப் போனால் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. கிடைக்கும்தான், ஆனால் பெரிய பெயர்களுக்கு அச்சு அசலான போலிகள் சந்தையில் உலவுகின்றன. பில்லும் வாரண்டியும் தராத விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். இன்னொரு பெரிய கடையில், பெயர் வேண்டாம், ஹெட்போன் கேட்கப் போனேன். விற்பனையாளர் தம்பி தன் போனிலிருந்து ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டார்.

“பேஸ் பாருங்க சார், செமையா இருக்கும்.”

“தம்பி, என் போன்ல இருந்து ஒண்ணு போட்டுக்கலாமா?”

“இது டெமோ பீஸ் சார், இதுல இந்தப் பாட்டுதான் போடுவோம்.”

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாம் கொண்டுபோன பதிவைக் கேட்கவிடாத கடையில் ஹெட்போன் வாங்கக் கூடாது. பக்கத்தில் அப்படிக் கேட்கவிடும் கடை இல்லையென்றால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிற இடத்தில் வாங்கி, வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் காதுக்குள் செருகும் இயர்போன், இணைய வகுப்பு இருந்தால் அடுத்து 7506, சம்பாதிக்க ஆரம்பித்து வீட்டில் தனியாக ஓர் அறை அமைந்தபிறகு எச்டி 600. அதை வாங்கினால் மாற்று வெல்வெட் அணை ஒரு ஜோடியும் சேர்த்துப் பட்ஜெட்டில் வையுங்கள். அணை நசுங்கினால் காதுக்கும் ஒலிக்கும் உள்ள தூரம் குறைந்து குரலின் நிறமே மாறிவிடும், இது மெதுவாக நடப்பதால் கவனிக்க மாட்டோம். வயர், அணை, தலைப்பட்டையின் மெத்தை என்று அதில் எல்லாமே கையால் கழற்றி மாற்றக்கூடியவை, ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். எனக்கு இப்போது அணை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதியது வந்ததும் பழையதோடு மாற்றி மாற்றித் தொப்பியைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.